தலைவனின் பாவமும் வாக்காளனின் பங்கும்

துவேஷத்தையே மூலதனமாக வைத்து வாக்குச் சேகரிக்கும் அரசியல்வாதியைக் கண்டு நாம் அருவருக்கிறோம். ஆனால் அந்தத் துவேஷம் அவனிடம் பிறந்து ஜனங்களிடம் பரவியதா, அல்லது ஜனங்களின் நெஞ்சில் முன்பே குடியிருந்ததை அவன் கண்டெடுத்துக்கொண்டானா என்று கேட்கத் தொடங்கினால், பாவத்தின் பெரும்பங்கு யாருடையது என்ற சங்கடமான தர்ம விசாரத்தில் போய் நிற்கிறோம்.

அமெரிக்காவில் அலபாமா ராஜ்யத்தின் கவர்னராயிருந்த ஜார்ஜ் வாலஸின் சரித்திரம் இந்த விசாரத்திற்கு மிகவும் ஏற்றது. நீதிபதியாக இருந்தபோது கறுப்பு வக்கீல்களை மரியாதை குறையாமல் நடத்தியவர் என்று பெயரெடுத்த அவர், 1958இல் கவர்னர் பதவியை நாடிக் கட்சிக்குள் நடந்த தேர்தலில், வெள்ளை நிறவெறிக் கூட்டமான கு க்ளக்ஸ் கிளானின் ஆதரவு பெற்ற ஜான் பாட்டர்ஸனிடம் தோற்றுப்போனார். அத்தோல்வியிலிருந்து அவர் கற்ற பாடம் விபரீதமானது. 1962இல் நிறபேதத்தின் காவலராக நின்று வென்று, மறு ஜனவரியில் பதவியேற்ற அன்றே, இனங்களைப் பிரித்துவைக்கும் ஏற்பாடு என்றென்றும் நிலைக்கும் என்று முழங்கினார். அதே ஆண்டு ஜூனில், கறுப்பு மாணவர் இருவர் சேரவிருந்த பல்கலைக்கழகத்தின் வாசலை மறித்து நின்றார்.

உயர்ந்தோர் நடந்த வழியில் உலகம் நடக்கும் என்பது கீதையின் போதனை. இங்கே நடந்ததோ தலைகீழ்: ஜனங்கள் முன்னே சென்றார்கள், தலைவர் பின்னே ஓடினார். பெரியதொரு மிருகத்தை வளர்ப்பவன் அதன் விருப்பு வெறுப்புகளைப் படித்து, அதற்குப் பிடித்ததை நன்மையென்றும் பிடிக்காததைத் தீமையென்றும் பெயரிட்டுக்கொள்வதாகப் பிளேட்டோ வர்ணித்தது இத்தகையோரைக் கருதியே போலும்.

எனினும் துவேஷம் ஒன்றினால் மட்டும் வாலஸ் வளர்ந்துவிடவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகமும் தொழிற்கல்வியும் கிடைக்க வழிசெய்தார். வாஷிங்டன் அதிகாரிகளும் மெத்தப் படித்தவர்களும் தங்களை ஏளனமாக நினைக்கிறார்கள் என்று மனம் வெதும்பிக் கிடந்த உழைப்பாளிகளுக்காக, அவர்களுடைய பாஷையிலேயே பேசினார். அந்த மனக்குறையில் உண்மை இருந்தது. அந்த உண்மையோடு பிணைந்து வந்ததனால்தான் பொய்யும் விலைபோயிற்று. 1968 ஜனாதிபதித் தேர்தலில் ஐந்து ராஜ்யங்களை வென்ற அவருக்கு ஏறத்தாழ 99 லட்சம் வாக்குகள் விழுந்தன. வடக்கத்தி ஆலைத் தொழிலாளர்களும் அவற்றில் ஒரு பகுதியை அளித்தார்கள்.

நம்பி வெறுப்பவன் அறியாமையால் கெட்டவன். வெறுப்பை வேஷமாகப் பூண்டவன் அறிந்தே கெடுத்தவன். ஆகையால் வாலஸின் குற்றம் அவருடைய வாக்காளர்களின் குற்றத்திலும் கொடியது என்றே சொல்வேன். ஆயினும், 1972இல் குண்டடி பட்டு நடக்கும் சக்தியை இழந்த அம்மனிதர், 1979இல், ஒருகாலத்தில் மார்ட்டின் லூதர் கிங் போதகராயிருந்த மாண்ட்கமரி தேவாலயத்துக்குத் தாமே சென்று, தாம் விளைத்த துன்பத்துக்காக மன்னிப்பு வேண்டினார். 1982இல் கறுப்பர் பலருடைய வாக்கையும் பெற்று மீண்டும் கவர்னரானார். அதுவும் வாக்குக்கான தந்திரமே என்றவர்கள் உண்டு. பிறருடைய அந்தராத்மாவைச் சோதிக்க எனக்கு அதிகாரமில்லை.

என்னை உறுத்துவது அந்த 99 லட்சம் பேரின் நிலையே. ரகசிய வாக்கு ஜனநாயகத்துக்கு இன்றியமையாத கவசந்தான். ஆனால் பகைவனின் கண்ணுக்கு மறைப்பதைப் போலவே, வாக்களித்தவனின் மனச்சாட்சிக்கும் அது அவன் செய்கையை மறைத்துவிடுகிறது. தலைவர் கேட்ட மன்னிப்பு தமக்கும் சேர்த்துத்தான் என்று அவர்களில் எவரேனும் எண்ணியிருந்தால், அது தப்புக் கணக்கே.