பல்லைப் பிடித்துப் பார்த்தல்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம்மவர் பழமொழி. கொடுத்தவன் மனம் நோகுமே என்னும் நற்குணத்தில் பிறந்த மொழிதான். எனினும், "பல்லைப் பிடித்துப் பாருங்கள், அதற்காகவே இப்போது தருகிறோம்" என்று வேண்டிக் கொடுக்கப்படும் தானமும் உலகில் உண்டு. அதனை வாய் திறவாது வாங்கிக்கொள்வது பணிவாகுமா, கடமை தவறியதாகுமா?

யாவரும் பெற்று, உள்ளமைப்பைப் படித்து, திருத்தி வழங்கத்தக்க கணினி நிரலைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். அவ்வகைப்பட்ட லிப்ரே ஆபிஸ் என்னும் அலுவலகத் தொகுதி ஆண்டுதோறும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் புதிய பதிப்பு காண்கிறது. அதற்குச் சில வாரங்கள் முன்னரே முன்னோட்டப் பதிப்பைப் பொதுவில் வைக்கின்றனர். கூலி பெறாத அன்பர் பலர் அதனைப் பயன்படுத்திப் பார்த்து, கண்ட வழுக்களை எழுதி அனுப்புகின்றனர். வழு என்னும் இலக்கணச் சொல்லைக் கணினித் தமிழார் எடுத்துக்கொண்டது நமக்கு மகிழ்ச்சியே. வழுவமைதியையும் சேர்த்து எடுத்திருந்தால் நிரலாசிரியர் பலர் பிழைத்திருப்பர்!

இத்தகைய முன்னோட்டத்தின் அருமை 2024-ஆம் ஆண்டில் விளங்கிற்று. எக்ஸ்இசட் என்பது லினக்ஸ் கணினிகள் மிகப் பலவற்றில் உள்ள, கோப்புகளைச் சுருக்கும் சிறு நிரல். ஜியா டான் என்னும் பெயர் பூண்ட ஒருவர் இரண்டாண்டுகளுக்கு மேல் அதற்கு உதவிபுரிந்து நம்பிக்கை பெற்று, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவாயில் ஒன்றை ஒளித்து வைத்தார். அது டெபியனின் முன்னோட்டப் பதிப்புகள் வரை வந்துவிட்டது. ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர் வேறொரு நிரலின் வேகத்தை அத்தகைய கணினியில் அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து உள்நுழைவதற்கு ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாவதைக் கண்டார். அரை வினாடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை; துருவிச் சென்று, மார்ச் 29-ஆம் நாள் உலகறிய உரைத்தார். நிலைத்த பதிப்பில் அந்நிரல் புகுந்திருக்குமாயின், எத்தனை கணினிகள் அயலான் கைக்குள் அகப்பட்டிருக்கும்!

இதே வரலாற்றில் வேறுவகைக் குற்றங்காண்பாரையும் பார்க்கிறோம். 2022-இல், அந்நிரலை ஊதியமின்றித் தனியே பேணிவந்த மனிதரை, ஏன் தாமதம், பொறுப்பைப் பிறரிடம் விடும் என்று சிலர் கடிதங்களில் இடித்தனர். அவர்கள் சதிகாரரின் முகமூடிகளே என்று பின்னர்ப் பலர் ஐயுற்றனர். சோர்ந்த மனிதரின் கதவு அவ்வாறே திறந்தது. ஆகவே குற்றம் கூறுவதெல்லாம் தொண்டன்று. அளந்து சொல்பவன் வேறு. அதட்டிச் சொல்பவன் வேறு.

நம்மவரிடமோ அதட்டல் உண்டு, அளவை குறைவு. பெரட்டில் வரிசையாய் நின்ற தலைமுறைக்குப் பால் நிறுவையில் பிழையென்று வாய் திறப்பது பிழைப்புக்கே ஆபத்தாயிருந்தது. அவ்வச்சம் போனபின்னும் மௌனமே மரியாதை என்னும் வழக்கம் தங்கிவிட்டது. கோயில் கணக்கில் கூட்டல் பிழையைச் சுட்டியவனைக் கோயிலுக்கே பகைவன் என்கிறோமே, இது எந்த நியாயம்?

தமிழில் நேரும் வழுவைத் தமிழறிந்தவரன்றி யார் காண்பார்? யூனிகோடு ஏற்பாட்டில் 2005-இல் ஶ என்னும் எழுத்து இடம்பெற்றது. அதுமுதல் ஸ்ரீ என்பதை இருவழியில் தட்டலாம். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ அவை இருவேறு சொற்கள். ஒருவழியில் தட்டிய ஸ்ரீதரனை மறுவழியில் தேடினால், பட்டியலில் இருந்தும் இல்லாதவராகிறார். இதனை ஜெர்மானியத் தொண்டர் எங்ஙனம் அறிவார்? ஜாசினிலோ அலோர் காஜாவிலோ பெயர்ப்பட்டியல் தட்டுபவரே அறிவார்.

முக்கியக் கோப்புகள் இல்லாத பழைய கணினியொன்று போதும். எந்தப் பதிப்பு, எதைத் தட்டினோம், எது வரவேண்டும், எது வந்தது என்று நான்கு வரி எழுதினால் அது முழுமையான அறிக்கை. ஆங்கிலம் எழுதத் தயங்குவோருக்குத் தோட்டத்துக் கிராணிமார் எழுதிக் கொடுக்கலாம். மனு எழுதிப் பழகிய கைகளல்லவா?