ஒரு பாண்டு ஜல்லி

அந்தக் காவலாளி ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தால் இந்த விஷயம் அன்றோடு மறந்திருக்கும். அவர் தூவினார். அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உள்சாலை ஒன்றில், ஒரு தொழிற்சாலை வாசலில் புதிதாகக் கான்கிரீட் போட்டிருந்தார்கள். ட்ரெய்லர் லாரி வளைந்து திரும்புகிற அகலம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லோடு வராது என்பதைக் கண்டுபிடித்த பிள்ளைகள் சக்கர ஷூவை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். லைன் வீடுகளில் இருக்கும் பீகார், ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள், எங்கள் தெருப் பிள்ளைகள், நடுவில் என் மகள். ஒரு பையனிடம் மட்டும் ஸ்கேட்போர்டு. அதற்கு வரிசை நின்றது.

காவலாளிக்கு 60 வயதுக்கு மேல் இருக்கும். கேட்டுக்குள்ளிருந்து ஒரு பாண்டு நிறையச் சிப்ஸ் ஜல்லியை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தார். கையளவு அள்ளி, விரலிடுக்கில் விட்டு, சாணுக்கு ஒரு கல்லாக விழும்படி பின்னோக்கி நடந்துகொண்டே போட்டார். நாற்றங்காலில் விதை விட்டுப் பழகிய கை அது, பார்த்தால் தெரியும். டூவீலர் வருகிற தடத்தை ஒதுக்கிவிட்டார். நடக்கிறவர் காலில் குத்தாது. சின்னச் சக்கரம் மட்டும் போகாது. பிள்ளைகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. "வுழுந்து மண்டை ஒடஞ்சா யாரும்மா பதில் சொல்றது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, காலிப் பாண்டைக் கவிழ்த்துத் தட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தத் தூவலின் விபரீதம் உறைத்தது. ஸ்கேட்போர்டின் சக்கரம் ஐந்தாறு சென்டிமீட்டர் விட்டம்தான். 1960களில் அதைக் களிமண் கலவையில் செய்தார்கள்; ஒரு பொடிக்கல் தட்டினாலே ஆள் தூக்கி எறியப்படுவார். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி என்ற அமெரிக்க இளைஞர் யூரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்தார். அது கொஞ்சம் மிருது, பொடிக்கல்லைச் சமாளித்துக்கொள்ளும். சிப்ஸ் ஜல்லியைச் சமாளிக்காது. சக்கரம் அங்கேயே நின்றுவிடும், மேலே நிற்கிற உடம்பு நிற்காது. ஆக, யாரும் விழக்கூடாது என்று போட்ட கல்தான் அந்த வழவழப்பான தரையில் ஆளைக் குப்புறத் தள்ளக்கூடிய ஒரே பொருள். இது அந்த மனிதருக்குத் தெரியுமா, தெரியாதா? கண்ணுக்குப் பட்டதும் பிள்ளைகள் தாங்களாகவே நின்றுகொள்ளட்டும் என்றுதான் அவ்வளவு பரவலாகப் போட்டாரா? குவியலாக வைத்தால் சுற்றிக்கொண்டு போவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அளவுக்கு யோசித்தவர் இதை யோசிக்காமலா இருந்திருப்பார்?

மகளின் ஷூவைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங்கில் 608 என்று பொடி எழுத்து. உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22. இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்பா ரீரோலிங் மில்லில் ஃபிட்டர். எங்கள் வீட்டில் பேரிங்கை எண் சொல்லித்தான் கூப்பிடுவோம். மில்லில் கழித்துப்போட்ட 6204களை அப்பா கொண்டுவருவார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கறுத்துப்போன கிரீஸைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, விரலில் மாட்டி ஒரு சுண்டு சுண்டுவார். சத்தத்தைக் கேட்டே எது ஓடும், எது ஓடாது என்று சொல்லிவிடுவார்.

அண்ணனின் பேரிங் வண்டி அதில் உருவானதுதான். பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. அச்சுக்குக் கருவேலங்குச்சியை 20 மில்லிமீட்டர் துளைக்குச் சரியாகச் சீவ வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் பேரிங் கழன்று சாக்கடைக்கு ஓடும். நடுவில் பலகை, முன்னால் திருப்புகிற கட்டைக்கு ஒற்றை போல்ட்டு. டயர் கிடையாது, இரும்பு வளையமே தாரில் ஓடும். அது வருகிற சத்தத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர்களும் திட்டுவார்கள். இருட்டில் பொறி பறக்கும்.

எங்கள் பக்கம் தட்டையான பூமி. சரிவு என்றால் ஏரிக்கரைதான். அது மண், மண்ணில் பேரிங் ஓடாது. ஆகையால் வண்டியில் ஒருவர் உட்கார வேண்டும், ஒருவர் தள்ள வேண்டும். உட்கார்வது அண்ணன், தள்ளுவது நான். ஒரு தரம் உட்காருகிறேன் என்று கேட்டதற்கு அம்மா சொன்னாள்: "பொம்பளப் புள்ள, மூஞ்சில தழும்பு வுழுந்தா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" அண்ணனின் முழங்கால் சிராய்ப்பு ஆறி நான் பார்த்ததில்லை. அதற்கு யாரும் பதில் சொன்னதாகவும் நினைவில்லை. தேங்காயெண்ணெய் தடவினார்கள்.

எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்பது மறந்துவிட்டது, விஷயம் மட்டும் தங்கியிருக்கிறது. சோரன்சன் என்ற பூங்கா வடிவமைப்பாளர், பிள்ளைகள் விளையாட்டுத் திடலைவிடக் கட்டடம் கட்டுகிற இடத்தில் கிடக்கும் செங்கல், பலகையோடு விளையாடத்தான் ஆசைப்படுகிறார்கள் என்பதைக் கவனித்தாராம். கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் 1943இல் அப்படி ஒரு திடல் திறந்தார்கள். பலகை, ஆணி, சுத்தியல், தட்டுமுட்டுச் சாமான். ஜெர்மன் படை ஊரைப் பிடித்து வைத்திருந்த காலம் அது. தெருவில் துப்பாக்கி நிற்கிறது, உள்ளே பிள்ளைகள் கையில் சுத்தியல் கொடுத்திருக்கிறார்கள். கட்டை விரல் நசுங்கியிருக்காதா? நசுங்கியிருக்கும். அங்கே யார் பதில் சொன்னார்கள் என்று அந்தப் புத்தகத்தைப் படித்தபோது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

காவலாளி தத்துவம் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஏஜென்சி ஆள். வாசலில் ஒரு பிள்ளை விழுந்து ரத்தம் வந்தால் போலீஸ் முதலில் கூப்பிடுவது அவரைத்தான், கம்பெனி முதலில் கழற்றிவிடுவதும் அவரைத்தான். அடுத்த ஞாயிறு பிள்ளைகள் தென்னந்துடைப்பத்தோடு வந்து ஜல்லியைச் சுவரோரம் கூட்டி வைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஆசை தீர ஓட்டினார்கள். அவர்கள் கிளம்பிய பிறகு எழுந்து வந்து, அதே கல்லை அள்ளி, அதே மாதிரி சாணுக்கு ஒன்றாகத் தூவினார். ஏன் என்று கேட்டேன். மேலே கண்ணைக் காட்டினார். "நான் போட்டது கேமராவுல இருக்கும்மா."

யார் பதில் சொல்வது என்ற கேள்வியைத் தூக்கிக்கொண்டு என் சிநேகிதியிடம் போனேன். இங்கே இலங்கைத் தமிழர் முகாமில் வளர்ந்தவள், பள்ளியில் என் பெஞ்சுக்காரி, இப்போது ஸ்கார்பரோவில் இருக்கிறாள். டொரோண்டோவில் தூண்கள்மேல் ஓடுகிற கார்டினர் விரைவுச்சாலையின் அடியில் 2018 ஜனவரியில் பென்ட்வே என்று ஓர் ஐஸ் பாதை திறந்தார்கள். எட்டு வடிவத்தில் வளைந்து வளைந்து 220 மீட்டர். மேலே லாரி, கீழே ஐஸ். யார் வேண்டுமானாலும் போய்ச் சறுக்கலாம், கட்டணம் கிடையாது. எங்கள் ஊரில் ஐஸ் என்றால் பழவேற்காட்டு மீனுக்குப் போகிற பார் ஐஸ். அதன்மேல் மனிதர் ஏறி நிற்பதை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும். அங்கே போய் விழுந்தாயா என்று அவளிடம் கேட்டேன். "ஓமடி, விழுந்தனான்தான். எழும்பித் திரும்பவும் விழுந்தனான். ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கேல்லை" என்றாள். இங்கே முகாமில் ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தால் வரிசை வீடு முழுக்க ஓடிவரும். ஒருத்தரும் பார்க்கவில்லை என்பதை அவள் சந்தோஷமாகச் சொன்னாளா, துக்கமாகச் சொன்னாளா என்பது வாட்ஸ்அப் குரலில் பிடிபடவில்லை.

ஒட்டாவாவின் ரிடோ கால்வாயைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். குளிர்காலத்தில் அது உறைந்ததும் நகரத்துக்கு நடுவே 7.8 கிலோமீட்டருக்குச் சறுக்குப் பாதையாகத் திறந்துவிடுகிறார்கள். ஐஸைத் துளைத்து அளந்து பார்ப்பார்கள். 30 சென்டிமீட்டராவது கெட்டிப்பட்டிருக்க வேண்டும். அதுவரைக்கும் சிவப்புக் கொடி, பிறகு பச்சை. 2022-23 குளிர்காலத்தில் குளிர் போதாமல் ஒரு நாள்கூடப் பச்சைக் கொடி ஏறவில்லை. அந்தப் பாதையின் வரலாற்றில் அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. இதைக் கேட்டதும் ஏதோ விடை கிடைத்த மாதிரி இருந்தது. வழுக்கி விழுந்தால் அது உன் பாடு, ஐஸ் உடைந்து உள்ளே போனால் அது எங்கள் பாடு என்று அந்த ஊர் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கொடி ஏற்றுகிறவர் பதில் சொல்வது தரைக்கு மட்டும்.

நல்ல பாகப்பிரிவினை என்று கொஞ்ச நாள் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கலிஃபோர்னியா வந்து கெடுத்தது. அங்கே 1970களில் முளைத்த ஸ்கேட் பார்க்குகளில் பலவும் வழக்குக்கும் காப்பீட்டுச் செலவுக்கும் பயந்து சில வருடங்களிலேயே இழுத்து மூடப்பட்டன. பிறகு 1998இல் ஒரு சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஸ்கேட்போர்டிங்கை ஆபத்தான பொழுதுபோக்குகளின் பட்டியலில் சேர்த்தார்கள். தலைக்கவசமும் முழங்கால், முழங்கைக் காப்பும் கட்டாயம் என்று பலகை வைத்துவிட்டால், விழுகிறவருக்கு நகர நிர்வாகம் பெரும்பாலும் பொறுப்பாகாது. அதன் பிறகுதான் ஊருக்கு ஊர் பொது ஸ்கேட் பார்க் வந்தது. யாரோ முன்வந்து 'நான் பதில் சொல்கிறேன்' என்று சொன்னதால்தான் இப்படிப்பட்ட இடங்கள் உண்டாகின்றன என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே நிர்வாகம் 'நான் பதில் சொல்ல மாட்டேன்' என்று எழுதி வைத்த பிறகுதான் இடமே உண்டாயிற்று. அந்தப் பலகைக்கும் எங்கள் ஊர்க் கேமராவுக்கு முன்னால் தூவிய ஜல்லிக்கும் என்ன வித்தியாசம்? பலகை சக்கரத்தைத் தடுக்காது, அதுதான்.

யாருடைய பதிலுக்கும் காத்திராதவர்களும் உண்டு. போர்ட்லாந்தில் 1990இல் பர்ன்சைடு பாலத்தின் அடியில் ஸ்கேட் ஓட்டுகிறவர்களே யாரையும் கேட்காமல் சிமென்ட் குழைத்துச் சரிவு கட்டிக்கொண்டார்கள். நகர நிர்வாகம் பிற்பாடு அனுமதித்தது. நம் ஊரில் அனுமதியில்லாமல் கோயில் கட்டலாம்.

இங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் மாமல்லபுரம். ஃப்ராக் போட்ட ஒரு சின்னப் பெண் வெறுங்காலோடு ஸ்கேட்போர்டில் சரிவு இறங்குகிற படத்தை ஸ்கேட்போர்டு ஜாம்பவான் டோனி ஹாக் பகிர்ந்ததும், அது உலகம் முழுக்கச் சுற்றியது. அவளைப் பற்றி 'கமலி' என்ற ஆவணக் குறும்படம் 2019இல் வந்தது. மகளைப் பற்றிய படம் என்று உட்கார்ந்தால் பாதி அம்மாவின் கதை. ஊர் கேட்கிற கேள்விகளுக்கு எல்லாம் பதில் சொன்னவள் அந்த அம்மாதான். மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில், ஜன்வார் கிராமத்தில், உல்ரிகே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மன் பெண்மணி 2015இல் ஒரு ஸ்கேட் பார்க் கட்டினார். அங்கே இரண்டே விதி: பள்ளிக்கூடம் போகாவிட்டால் ஸ்கேட்டிங் கிடையாது; பெண் பிள்ளைகளுக்கு முதல் இடம். இரண்டாவது விதியைப் படித்தபோது அண்ணனுக்கு போன் போட்டேன். சிரித்துவிட்டு, "இப்ப வேணா வா, தள்றேன்" என்றான்.

2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் தங்கம் வாங்கினார். இந்தியருக்கு அது முதல் தடவை. டிவியில் எல்லோரும் பொன்னாடையோடு வந்தார்கள். தங்கம் வந்தால் பதில் சொல்ல ஆள் கிடைத்துவிடுகிறது. அதற்கு முன்னால் எத்தனை பேர் எத்தனை வாசலில் விழுந்து எழுந்திருப்பார்கள்?

இப்போது நாலைந்து பெற்றோர் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். வழவழப்பான ஒரு சிமென்ட் தளம், ஓரத்தில் இரண்டு சரிவு, ஒரு விளக்குக் கம்பம். திருவள்ளூரில் திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் கொடுப்பதாக உத்தேசம். கடைசி வரியில் சண்டை வந்துவிட்டது. "அடிபட்டால் பெற்றோரே முழுப் பொறுப்பு என்று நாமே எழுதிவிடுவோம், அப்பதான் அதிகாரிங்க பயப்படாம கையெழுத்துப் போடுவாங்க" என்கிறார் ஒருவர்; டிராஃப்டிங் எல்லாம் தெரிந்தவர். "அப்படி எழுதிக் கொடுத்துட்டா கலவையில மண்ணைப் போட்டு ஊத்துவாங்க. மூணு மாசத்துல பேந்து கல்லு வெளியே வரும். அப்ப யாரைப் போய்க் கேப்பீங்க சார்?" என்கிறாள் எதிர்வீட்டுக்காரி. விழுவது நம் பாடு, தரை அவர்கள் பாடு என்று பிரித்து எழுதலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். பிள்ளை விழுந்தது தன் தவறாலா, தரையின் தவறாலா என்று யார் தீர்ப்புச் சொல்வது என்று அந்த டிராஃப்டிங்காரர் திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மனு என் பையில்தான் இருக்கிறது. எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், அந்த வரிக்கு மட்டும் இடம் விட்டு. அதை எழுதிக் கொடுப்பதா, வெறுமனே விடுவதா என்று என்னைத்தான் முடிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மகள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுதிவிடலாம் என்று படுகிறது, அவள் விழும்போது வேண்டாம் என்று படுகிறது. திங்கட்கிழமைக்குள் எது சரி என்று தெரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.