பிரசாதமும் மருந்தும்

இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் எங்கள் கரமனை அக்ரஹாரத்தில் துணி காயாது. படர்தாமரையும் காதரிப்பும் வீட்டுக்கு வீடு வரும். உடனே எதிர்வீட்டு மாமி பாதி தீர்ந்த ட்யூபை நீட்டுவாள்: "இதத் தடவிப் பாருடி, ரெண்டே நாள்ல நின்னுடும்." சத்தியவாகீஸ்வரர் கோயில் பிரசாதத்தைப் பங்கிடுகிற அதே மனசோடுதான் தருகிறாள். ஆனால் அன்போடு கொடுப்பதெல்லாம் தர்மமாகுமா? ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு இந்தக் கேள்வி பெரிது.

பிரசாதம் யார் கையில் விழுந்தாலும் பிரசாதம்தான். மருந்து ஆளைப் பார்க்கும். அந்த ட்யூபில் பல சமயம் இருப்பது பூஞ்சைக் கொல்லி, ஆன்டிபயாட்டிக் இவற்றோடு குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு சேர்ந்த கலவை. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும்; கூடவே தோலின் எதிர்ப்பையும் அடக்கும். சுகமாயிற்று என்று நினைத்திருக்கும்போதே பூஞ்சை பரவும். படர்தாமரையின் வட்ட விளிம்பு கலைந்துபோய், என்ன நோய் என்று டாக்டரே திகைப்பார். தோலும் மெலிந்துபோகும். இதனால்தான் 2018இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றது.

இப்படிக் கைமாறும் சொட்டுமருந்தால் காதுக்கு ஆபத்து இன்னும் அதிகம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஜென்டாமைசின், நியோமைசின் சொட்டு உள்காதுக்குள் இறங்கிக் கேட்கும் திறனையே கெடுக்கலாம். அந்த ஓட்டை உள்ளே விளக்கடித்துப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

"டாக்டரிடம் போக வழியில்லாதவளுக்கு ஒன்றும் கொடுக்காமல் இருப்பது மட்டும் தர்மமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு வள்ளுவரிடம் பதில் இருக்கிறது. 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் என்று நால்வகையும் சேர்ந்ததையே அவர் மருத்துவமாக எண்ணுகிறார். ட்யூபை மட்டும் நீட்டுகிறவள் மருத்துவரின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். அவளுக்குரிய நான்காவது இடம் காலியாகவே கிடக்கிறது.

அந்த இடம் சின்னதல்ல. ஜெனரல் ஆஸ்பத்திரி வரிசையில் கூட நிற்கலாம். சொட்டுமருந்துப் புட்டியை உள்ளங்கையில் வைத்துச் சூடு வாங்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சொட்டு விட்டு, ஐந்து நிமிஷம் எழுந்திருக்காமல் பார்த்துக்கொள்ளலாம். காதில் பட்ஸ் போடாமல், காய்ச்சிய எண்ணெய் ஊற்றாமல் தடுக்கலாம். அரிப்பு நின்றதும் களிம்பை நிறுத்தாமல், டாக்டர் சொன்ன நாள் முழுக்கத் தடவச் சொல்லலாம். பொருளைக் கொடுப்பது ஒரு நொடியில் முடிந்துவிடும். கூட இருப்பதற்கு நம் நேரத்தைக் கொடுக்க வேண்டும். நோயுற்றவருக்கு அண்டை வீட்டார் செய்யக்கூடிய தர்மம் அதுவே என்று நான் நம்புகிறேன்.