விரலைக் கண்டதும் துள்ளும் சிற்றுயிர்



மழை விட்ட மறுநாள் காலைப் பூசை முடிந்தபின், கெபியண்டையிலிருக்கும் பூந்தொட்டியொன்றை நகர்த்தினேன். அடியில் ஈர மண்ணிலே எள்ளினும் சிறிய உயிர்கள் அநேகம் ஊர்ந்தன. விரலை நீட்டினதுதான் தாமதம், ஒன்றையும் காணோம்! தெள்ளுப்பூச்சியோவென்று பயந்தேன். அல்ல. இவை நம்மைக் கடிப்பதில்லை. மக்கின இலையையும் பூஞ்சணத்தையும் தின்று பிழைப்பவை. ஆங்கிலத்தில் ஸ்பிரிங்டெயில், அதாவது விசைவால் என்பார்கள்.

இவற்றின் வயிற்றுக்கடியில் கவைபோல் பிளந்த ஒரு வால், முன்பக்கம் மடங்கி, சின்னக் கொக்கியில் மாட்டியிருக்கிறது. ஆபத்தென்றால் கொக்கி விடும், கவை தரையை அறையும், உடல் மேலே எறியப்படும். இவற்றில் உருண்டை உடலுள்ள ஒரு வகையை அமெரிக்காவில் ஆராய்ந்து 2024-ல் எழுதியிருக்கிறார்கள். ஓரிரு மில்லிமீட்டர் உடம்பு 60 மில்லிமீட்டருக்கு மேல் எழும்புகிறது. வினாடிக்கு 368 சுற்று என்னும் வேகம் வரை குட்டிக்கரணம் போடுகிறது! நீர்மேல் வாழும் வேறொரு வகையோ, வயிற்றடியிலுள்ள குழாயில் ஒரு துளி நீரைப் பற்றிக்கொண்டு, காற்றிலேயே நிமிர்ந்து காலூன்றி இறங்குகிறதாம். அந்தத் துளியை ஞானஸ்நானத் தண்ணீரென்று வியாக்கியானம் பண்ணப் பிரசங்கிக்கு ஆசை வரும், நான் பண்ணவில்லை.

ஆனால் அது விரலோடு தர்க்கம் பண்ணாததைக் கவனியுங்கள். எஜமானின் மனைவி மேலாடையைப் பற்றினபோது, பழைய ஏற்பாட்டுச் சூசையும் நியாயம் பேசிக்கொண்டு நிற்கவில்லை. ஆடையை அவள் கையிலே விட்டு ஓடினார். நாமோ பாவ சமயத்தின் வாசலில் நின்று, "கடை வரைக்குந்தான் போனேன், குடிக்கவில்லையே சாமி" என்கிறோம்.

உங்களை மட்டும் சொல்லவில்லை. சென்ற மாதம் திருநாள் கணக்குக் கூட்டத்தில் எனக்குக் கோபம் ஏறுவதை நானே அறிந்தேன். எழுந்து கோவிலுக்குள் போயிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஒரு பதில் சொல்லிவிட்டு எழும்பலாமென்று உட்கார்ந்தேன். ஒன்று பத்தாயிற்று. அன்றுமுதல் இரண்டு குடும்பத்தார் பூசைக்கு வரவில்லை. குற்றம் என்னுடையது.

இந்தச் சனிக்கிழமை செபமாலைக்குப் பின் அவர்கள் வீடுகளுக்குப் போகிறேன். ஞாயிறன்று அவர்கள் வந்தால், இத்தனை நாள் எங்கேயென்று ஒருவரும் கேட்கவேண்டாம். சற்று நகர்ந்து இடம் கொடுங்கள்.