தகுதியும் மேன்மையும்

ஓர் உயிரினத்திலிருந்து வேறோர் இனம் எவ்வாறு தோன்றுகிறது என்ற வினா உயிரியலுக்கு உரியது. ஆனால் அதற்குக் கிடைத்த விடையைக் கொண்டு, 'வலியது வாழ்வதே இயற்கையின் நியதி. மனிதனின் நெறியும் அதுவே' என்று முடிவு கட்டுவோர் உண்டு. அம்முடிவு சரிதானா?

பசிபிக் பெருங்கடலிலுள்ள காலபகஸ் தீவுகளுக்கு 1835-இல் சார்லஸ் டார்வின் சென்றார். அங்கு வாழும் ஃபிஞ்ச் எனும் சிறு பறவையினங்கள் அனைத்தும், தொலைவிலிருந்து வந்து குடியேறிய ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள். தீவுக்குத் தீவு பிரிந்து வாழ்ந்த கூட்டங்களில், கிடைத்த உணவுக்கேற்பத் தலைமுறை தலைமுறையாக அலகின் வடிவம் மாறியது, பாட்டும் மாறியது. காலப்போக்கில் ஒரு கூட்டம் மற்றொன்றோடு பெரும்பாலும் இணைசேராமல் போயிற்று. இவ்வாறு ஓரினம் பல இனங்களாகக் கிளைத்தது.

அத்தீவுகளுள் ஒன்றான டாஃப்னே மேஜரில், பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் பல்லாண்டுகள் இம்மாற்றத்தை அளந்து வந்தனர். 1977-இல் கடும் வறட்சி ஏற்பட்டது. சிறு விதைகள் தீர்ந்து, கடினமான பெரிய விதைகளே எஞ்சின. அவற்றை உடைக்கவல்ல பெரிய அலகுடைய பறவைகள் பிழைத்தன. சிறிய அலகுடையவை பெருமளவில் மடிந்தன. 1983-இல் பெருமழை பெய்து, சிறு விதைகள் மலிந்தன. அதன்பின் வந்த வறண்ட காலத்தில் சிறிய அலகுடையவையே அதிகம் பிழைத்தன.

ஆகவே இயற்கை காட்டும் 'தகுதி' அந்தந்தப் பருவத்துக்குப் பொருந்துவது மட்டுமே. அது மேன்மைக்குச் சான்று அன்று. நலிந்தோரைக் கைவிடுவதற்குப் பரிணாமத்தைச் சாட்சிக்கு அழைப்பவர், நடப்பதையே நடக்க வேண்டியதாகக் கொள்கிறார். மழை பெய்வது இயற்கை என்பதற்காகக் கூரை வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லையே!

1890-களின் இறுதியில் கல்கத்தாவின் அலிப்பூர் உயிரியல் பூங்காவைப் பார்வையிட்டபோது, சுவாமி விவேகானந்தர் இதைப் பற்றி உரையாடினார். விலங்குலகில் போராட்டம் இருக்கலாம். மனிதனின் உயர்வோ தியாகத்தால் அமைவது என்பது அவர் கருத்து. அதற்குப் பதஞ்சலியின் யோக சூத்திரத்தைத் துணையாகக் கொண்டார். அந்நூல் ஓர் உழவனை உவமை காட்டுகிறது. அவன் நீரை உண்டாக்குவதில்லை. தடையை அகற்றுகிறான், நீர் தானே பாய்கிறது. பறவையின் அலகு மாறிய வரலாற்றுக்குப் போட்டியாக இதை நிறுத்த வேண்டியதில்லை. இது மனிதனின் அகவளர்ச்சியைப் பற்றியது. அங்கு தடையாக நிற்பது அவனது தன்னலமே.

வறட்சியில் பறவை தன் அலகை நம்பியே பிழைக்க வேண்டும். மனிதனால் தன் தானியத்தில் ஒரு பிடியைப் பசித்தவனுக்கு அளிக்க முடியும். அளிப்பதா, மறுப்பதா என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை, அவனே தீர்மானிக்கிறான்.