தாமதம் யாருடையது?

‘வயசான பிறகுதான் வரைய ஆரம்பிச்சாங்களாம்’ என்று சொல்லும்போதே நம் குரல் நெகிழ்ந்துவிடுகிறது. அந்த நெகிழ்ச்சி மேல் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஜோதையா பாய் பைகா, மத்தியப் பிரதேசத்து உமரியா மாவட்டத்தின் லோர்ஹா கிராமத்துக்காரர். கணவரை இழந்தபின் கூலி வேலை பார்த்தும் விறகு விற்றும் பிள்ளைகளை வளர்த்தார். சாந்திநிகேதனில் படித்த ஓவியர் ஆஷிஷ் ஸ்வாமி அவ்வூரில் நடத்திய பட்டறையில், 2008 வாக்கில், முதன்முதலாகத் தூரிகை பிடித்தபோது வயது எழுபதை ஒட்டியிருந்தது. புலித்தெய்வத்தையும் மகுவா மரத்தையும் (நம்ம இலுப்பைக்குச் சொந்தம்) வரைந்தார். 2023இல் பத்மஸ்ரீ. 2024 டிசம்பரில் மறைந்தார்.

தாகூரும் அறுபதைத் தாண்டித்தான் தீவிரமாக வரைந்தார். 1930இல் பாரிஸில் கண்காட்சி வைத்தார். ஆனால் கையெழுத்துப் பிரதியில் அடித்த இடங்களே அவருக்கு ஓவியமாயின. பேனா எப்போதும் கையில் இருந்தது. ஜோதையா பாயின் தலையில் விறகுக்கட்டு. ரெண்டையும் ‘தாமதம்’ என்ற ஒரே சொல்லில் அடைப்பது அநியாயம். அவர் பிந்தி வரவில்லை, பட்டறைதான் பிந்தி வந்தது.

அந்தக் காட்டு வாழ்க்கைதானே ஓவியத்துக்கு உரம் என்பார்கள். உண்மைதான், அந்த மகுவாவை வெளியாள் வரைய முடியாது. அதற்காக வறுமையைப் பயிற்சி என்று சொல்லிவிடலாமா?

இதை ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் இருந்து எழுதுகிறேன். சுமையோடு மேடேறும் பாட்டியிடம் ‘கலைக்கு வயசே இல்ல’ என்று நான் சொல்லலாம். ‘சரி கண்ணு, இந்தச் சுமைய யாரு எறக்குவா?’ என்று கேட்டால்?