வாட்ச்மேன் கேபினுக்கு எவ்வளவு நெருப்பு?

ஹைதராபாத்தின் குளிரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் நகரத்துக்குள் 15 டிகிரியை ஒட்டி நிற்கும். பட்டான்செரு, ராஜேந்திரநகர் பக்கம் சில இரவுகளில் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். கான்கிரீட் வீட்டுக்குள் ரஜாய் போர்த்திப் படுத்தவருக்கு அது சுகமான குளிர். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில், தகரத்திலோ ஃபைபரிலோ அடித்த நாலடிக்கு நாலடி கேபினில் விடியும்வரை உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனுக்கு அப்படியில்லை. வெளியே அட்டைப் பெட்டிகளைக் கொளுத்திக் குளிர்காய்வதைவிட, 5 கிலோ சிலிண்டரின் தலையில் பர்னர் பொருத்திய அடுப்பை உள்ளேயே வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. எத்தனை பெரிய அடுப்பு வேண்டும் என்பது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி போலத் தெரியும். ஆனால் மனிதனுக்கு எவ்வளவு போதும் என்ற பழைய கேள்விதான் அதற்குள் இருக்கிறது. போதுமா போதாதா என்று தீர்ப்புச் சொல்லக் குளிர்கிற உடம்பு மட்டும் போதாது, அந்த நெருப்பு யாரிடமிருந்து எதை எடுக்கிறது என்றும் பார்த்தாக வேண்டும் என்பது என் கட்சி.

இந்தக் கேள்வியைக் கறாராகக் கையாண்டவர்கள் பௌத்தத் துறவிகள். தெலுங்கு மண்ணுக்கு அவர்கள் அந்நியர்களும் அல்லர்: ஃபணிகிரியிலும், இன்று அணை நீருக்குள் கிடக்கும் நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கிலும் அவர்களுடைய சிற்றறைகளின் வரிசைகளை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய ஒழுக்க விதிகளின் தொகுப்பான பாலி விநயத்தில் சிறிய குடிலுக்கும் விதி உண்டு, நெருப்புக்கும் விதி உண்டு. பிறரிடம் பொருள் கேட்டு வாங்கித் தனக்கென்று குடில் கட்டும் துறவி, நீளத்தில் 12 சாண், அகலத்தில் 7 சாணைத் தாண்டக்கூடாது. ஆளவி என்ற ஊரில் இருந்த துறவிகள் ஓயாமல் மரமும் ஆளும் கேட்டு நச்சரித்ததில், காவி உடையைக் கண்டாலே ஊரார் வேறு தெருவில் திரும்பிப் போனார்கள். அதன் பிறகு வந்தது அந்த அளவு. நெருப்பு விதியின் பின்கதை இன்னும் நுட்பமானது. பனிக்காலத்தில் துறவிகள் சிலர் உள்ளே பொந்து விழுந்த பெரிய கட்டையைக் கொளுத்திக் குளிர்காய்ந்தார்கள். சூடு தாங்காமல் உள்ளிருந்து ஒரு கருநாகம் வெளியேறி அவர்களைத் துரத்தியது. நோயாளியைத் தவிர வேறு யாரும் குளிர்காய்வதற்கென்று தீ மூட்டக்கூடாது என்று விதி பிறந்தது. விளக்கு போன்ற தேவைகளுக்குப் பிறகு விலக்கும் கிடைத்தது. இரண்டு இடத்திலும் துறவியின் ஆசை எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. முதலாவதில் செலவு ஊரார் தலையில் விழுந்தது, இரண்டாவதில் எரிந்தது பாம்பின் வீடு. அளவு அங்கிருந்துதான் வந்தது.

கேபினுக்குள் பாம்பு இல்லை, காற்று இருக்கிறது. நாலடிக்கு நாலடி, ஏழடி உயரம் என்றால் உள்ளே சுமார் 3 கன மீட்டர் காற்று. ஒற்றைத் தகடு சூட்டை வேகமாக விட்டுவிடும். அப்படியும், வெளியே 10 டிகிரி இருக்கும்போது உள்ளே 18 டிகிரியைக் காக்க ஏறத்தாழ அரை கிலோவாட் போதும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பே சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறது. சாதாரண கேஸ் பர்னர் ஒன்று முழுதாக எரிந்தால் 2 கிலோவாட் அளவுக்குத் தரும். தேவையைப்போல் நான்கு மடங்கு. அந்தத் தீ ஒரு மணி நேரத்தில் கேட்கும் ஆக்சிஜன், அடைத்துச் சாத்திய அந்தக் கேபினில் உள்ள மொத்த ஆக்சிஜனில் பாதிக்கும் மேல். அதற்கு வெகு முன்பே எரிதல் குறைபட்டு, மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரத் தொடங்கிவிடும். வட இந்தியாவில் மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி குளிர்காலந்தோறும் வருகிறது. சூடு கொடுக்கும் நெருப்பும் சூடு வாங்கும் மனிதனும் ஒரே காற்றுக்குப் போட்டியிடுகிறார்கள்.

பெரிய அடுப்பை வாங்கித் திருகைக் குறைத்து வைத்தால் ஆயிற்று என்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு விரல் மரத்துப்போனவனின் கை அந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்பும் என்பது ஊகிக்க முடியாததல்ல. தூங்கிப்போனால் அதுவும் இல்லை. கதவைத் திறந்து வைக்கலாம் என்றால், காற்று வரும் அளவுக்குச் சூடும் போய்விடும். பிறகு அடுப்பு எதற்கு? இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: மெத்தையில் படுத்திருப்பவர்கள் வாசலில் இருப்பவனுக்குப் ‘போதும்’ என்று போதிப்பது அநியாயம். இது நியாயமான கோபம். போதும் என்ற மனத்தைப் புகழும் நம் மரபு, சம்பளத்தைக் குறைக்கவும் வசதியாகப் பயன்பட்டிருக்கிறது. ஆனால் பிறரிடமிருந்து எடுப்பதை அளக்கும் கோல் இரண்டு பக்கமும் அளக்கும். நோயாளிக்கு நெருப்பை மறுக்காத அதே விதி, குறைவாகக் கொடுப்பதும் தவறு என்று ஒப்புக்கொள்கிறது. கொடுக்காமல் விட்ட சூடு வாட்ச்மேனின் உடம்பிலிருந்து எடுத்த சூடுதான். அந்தப் பக்கம் ஊரார் துறவிக்குக் கொடுத்துக் களைத்தார்கள்; இந்தப் பக்கம் குடியிருப்போர் கொடுக்காமலே தூங்குகிறார்கள்.

ஆகவே ஹைதராபாத் வாட்ச்மேன் கேபினுக்குச் சரியான கேஸ் அடுப்பின் அளவு பூஜ்யம். அங்கே வேண்டியது காலடிக்கு ஒரு மரப்பலகை, சுவருக்குத் தெர்மோகோல் உறை, நல்ல ஸ்வெட்டரும் கம்பளியும், மேலே அடைபடாத ஒரு காற்றுத் துளை, ஒழுங்காக எர்த் கொடுத்த இணைப்பில் 500 வாட் மின் ஹீட்டர். இரவில் எட்டு மணி நேரம் ஓடினாலும் 4 யூனிட்தான் ஆகும். குடியிருப்போர் சங்கங்கள் அந்தச் செலவைப் பராமரிப்புக் கணக்கில் எழுதட்டும். வாட்ச்மேனின் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம்.